யுல்விட்ஸிலிருந்து வந்த ரொட்டி

சான் மாத்தியாஸுக்கு என் பஸ்ஸில் ஏறாத பொருள் கிடையாது. கோழி, தகரம், சிமெண்ட் மூட்டை, மரிம்பா வாத்தியம், கல்யாண மாப்பிள்ளை, பிணம் எல்லாம் ஏற்றியிருக்கிறேன். ஒருமுறை உள்ளே இடமில்லாமல் பாதிரியாரையே கூரைமேல் உட்காரவைத்தேன், அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. கீழே வேவேத்தெனாங்கோ நகரத்தில் கிளம்பி, பீடபூமிமேல் ஏறி, முக்கூட்டு ரோட்டில் ஒரு காப்பி குடித்துவிட்டு இடதுபக்கம் திரும்பினால் மொத்தம் நாலரை மணி நேரம். மழை பெய்தால் ஆறு. மண் சரிந்தால் எத்தனை நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதன்முதலாகப் போன அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குள்ளேயே கம்பளியை விரித்தேன். ஊரில் விடுதி என்று ஒன்று இல்லை. அப்போது அந்த ஊர்க்காரன் பெனித்தோ வந்து கண்ணாடியைத் தட்டினான்.

“ஏய், உள்ளயா படுக்கப் போற? இந்தக் குளிர்ல படுத்தா காலைல உன்ன உருக்கித்தான் வெளிய எடுக்கணும். எந்திரிச்சு வா.”

அன்று அவன் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்ட உருளைக்கிழங்கும் சூடான மக்காச்சோள அடையும் இன்னும் வயிற்றில் இருக்கின்றன. அதன்பிறகு இருபத்திரண்டு வருஷம், வாரத்தில் நாலு நாள் எனக்கு அந்த வீடுதான். பெனித்தோவின் மனைவி போய்ச் சேர்ந்தபிறகும் என் தட்டு மாறவில்லை. மகள் சந்தியாகா பரிமாறினாள். வாடகை பற்றி ஒருமுறை பேச்செடுத்தேன். அந்த வாரம் முழுக்க பெனித்தோ என்னோடு பேசவில்லை. அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஒரு விஷயத்தில்தான் வாயைத் திறக்கவில்லை. மற்றபடி என் வாய் சும்மா இருக்காது என்பது ஊருக்கே தெரியும்.

சந்தியாகாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எலும்பு கட்டுவது அவளுடைய கை. யாரும் சொல்லித்தரவில்லை, பன்னிரண்டு வயதில் காலொடிந்த ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள், அது நடந்துவிட்டது, அவ்வளவுதான். மலைமேல் எங்கேயாவது ஒருத்தன் விறகு வெட்டும்போது விழுந்தால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனைக்கற்றாழை மடலை நெருப்பில் வாட்டி, இளஞ்சூட்டில் சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவாள். காசு வாங்கமாட்டாள். கட்டுகிற கை காசு வாங்கினால் கையில் இருக்கிற அறிவு போய்விடும் என்பது அங்கே நம்பிக்கை. கொடுக்க நினைப்பவர்கள் தின்கிற பொருளாகக் கொடுக்கலாம்.

வயது முப்பத்திமூன்று. கல்யாணம் ஆகவில்லை. இரண்டு வீட்டார் வந்து சுற்றிவளைத்துப் பேசிப் பார்த்துவிட்டு, கூடை கொண்டுவராமலே நின்றுவிட்டார்கள். நேரம் காலம் பார்க்காமல் கண்ட ஆம்பளையின் காலைப் பிடிக்கிற பெண் எப்படிக் குடும்பம் நடத்துவாள் என்று பேசிக்கொண்டதாகக் கேள்வி. அவர்களில் ஒருவனுக்கே பிறகு தோள்பட்டை இறங்கியது. இவள்தான் ஏற்றிவிட்டாள். ஏற்றும்போது வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தாள் என்று நான் நினைக்கிறேன்.

கூடை என்றேனே, அது பெண் கேட்கும் கூடை. அந்த ஊரில் பெண் வேண்டுமென்று வாயால் கேட்கமாட்டார்கள். கோதுமை ரொட்டியும் சாக்லேட் வில்லையும் வைத்து, புதுத்துணி போர்த்தி, பெண் வீட்டுக்குக் கூடை அனுப்புவார்கள். இஷ்டமில்லை என்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இஷ்டமென்றால் பெண்ணின் அப்பன் ரொட்டியைச் சொந்தபந்தங்களுக்குப் பங்கிடுவான். சொந்தம் தின்றுவிட்டால் பெண் கொடுத்தாயிற்று. தின்ற ரொட்டியைத் திருப்பிக் கொடுக்க யாராலும் ஆகாது.

அந்த வருஷம் செப்டம்பரில், மலைக்கு அந்தப் பக்கத்து யுல்விட்ஸிலிருந்து எவுலாலியா என்ற கிழவி சந்தைக்கு நார்க்கயிறு விற்க வந்தாள். மாதா கோவில் முன்னால் ஈரக்கல்லில் வழுக்கி விழுந்து முன்கை ஒடிந்தது. சந்தியாகா கட்டுப்போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்தாள். மறுநாளே மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது, நானும் பஸ்ஸும் ஊரிலேயே மாட்டிக்கொண்டோம். கிழவி பதினைந்து நாள் அந்த வீட்டில்தான் இருந்தாள். இந்தப் பக்கம் மாம் பேச்சு, அந்தப் பக்கம் கன்ஹோபால் பேச்சு. ஒன்று பேசுகிறவருக்கு மற்றது புரியாது. கிழவிக்கு ஸ்பானிஷும் வராது. ஆனாலும் அடுப்படியில் உட்கார்ந்து அவளும் சந்தியாகாவும் நாள் முழுக்கச் சிரித்தார்கள். கிழவியின் மகன் பஸ்குவால் ஒன்பது மணி நேரம் மலையேறி மூன்று தடவை வந்தான். மனைவியை இழந்து ஆறு வருஷமான ஆள், நாற்பதை நெருங்குகிறான், பேச்சு மிகக் குறைவு. வந்த ஒவ்வொரு தடவையும் சும்மா உட்காரவில்லை. விறகு பிளந்தான், ஆவிக்குளியல் அறையின் கூரையைச் சரிசெய்தான், வேலியில் விழுந்த கல்லை எடுத்து அடுக்கினான். சந்தியாகா அவனுக்குக் காப்பி கொடுக்கும்போது கோப்பையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். எனக்கு இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் துடைத்ததில்லை.

ரோடு திறந்ததும் கிழவியை நான்தான் முக்கூட்டு ரோடுவரை கொண்டுபோய் இறக்கினேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு புதன்கிழமை. முக்கூட்டு ரோட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பஸ்குவால் வந்தான். தலையில் பெரிய கூடை, மேலே புத்தம்புதுச் சிவப்புத் துணி. பஸ்ஸுக்கு முன்னால் யுல்விட்ஸ் தடத்தில் பத்து வருஷம் லாரி ஓட்டியவன் நான், அவன் பேச்சு எனக்கு வரும்.

“எலும்பு கட்டுனவங்க வீட்ல குடுத்துருங்க,” என்றான். “அம்மா கை நல்லா ஆயிருச்சு. ரொட்டியும் சாக்லேட்டும் இருக்கு. நன்றிக்கு. ஞாயித்துக்கிழம நாங்க ரெண்டு பேரும் நேர்ல வர்றோம்.”

“நன்றிக்கா?” என்றேன்.

“பின்ன எதுக்கு?” என்றான்.

அவர்கள் பக்கத்தில் அது அப்படித்தான், நன்றிக்கும் ரொட்டிதான், துக்கத்துக்கும் ரொட்டிதான். எனக்குத் தெரியும். தெரிந்தும், சான் மாத்தியாஸில் பஸ்ஸை நிறுத்தி, பெனித்தோவைக் கண்டதும் என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

“பெனித்தோ, சம்மந்தி வீட்டுச் சீர் வந்திருக்கு, இறக்கிக்க!” என்று பஸ் கூரைமேலிருந்து கூடையை நீட்டிக் கத்தினேன்.

விளையாட்டுத்தான். இறங்கி வந்து உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன். ஆனால் இறங்கி வருவதற்குள் பெனித்தோ கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். கண்ணில் தண்ணீர்.

“எங்கருந்துப்பா?” என்றான்.

“யுல்விட்ஸ். பஸ்குவால் குடுத்தான்.”

“எனக்குத் தெரியும்,” என்றான். “எனக்குத் தெரியும் ரிகோ. அவன் வேலிக் கல்ல அடுக்குன விதத்துலயே எனக்குத் தெரியும்.”

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். டிக்கெட் கேட்டு ஒருத்தி வந்தாள், கோழி ஒன்று கட்டவிழ்த்து ஓடியது. இதையெல்லாம் இன்றுவரை காரணமாகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மை என்னவென்றால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

வழக்கப்படி கூடையை ஒரு ராத்திரி சாமிப் படத்தின் முன் வைத்துவிட்டு மறுநாள்தான் பங்கிட வேண்டும். பெனித்தோவுக்குப் பொறுமை இல்லை. சந்தியாகா மேல்கிராமத்தில் யாருக்கோ விரல் கட்டப் போயிருந்தாள். அவன் கறுப்புக் கம்பளி அங்கியை மாட்டிக்கொண்டு வீடுவீடாகப் போனான். நான் பஸ்ஸைக் கழுவிவிட்டு வருவதற்குள் பாதி ஊர் தின்றுவிட்டது. அவனுடைய அக்கா நிக்கோலாசா வாசலிலேயே உட்கார்ந்து இரண்டாவது ரொட்டியைக் காப்பியில் முக்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய்க்கு ஊரில் கோவில் மணியே பயப்படும்.

“முப்பத்திமூணு வயசுல கூடை வந்திருக்கு. வந்த வரைக்கும் புண்ணியம்,” என்றாள். “ரொட்டில சீனி கம்மி. அந்தப் பக்கத்து ஆளுங்க எல்லாத்துலயும் கை இறுக்கம்.”

“அப்ப ஏன் ரெண்டு தின்ன?” என்று பெனித்தோ கேட்டான்.

“சந்தேகத்தத் தீத்துக்கத்தான்.”

பொழுது சாயும் நேரத்தில் சந்தியாகா வந்தாள். அத்தை விஷயத்தைச் சொன்னாள். சந்தியாகா போய்க் கூடையில் மிச்சமிருந்ததைப் பார்த்தாள், துணியை எடுத்து மடித்தாள், விரித்தாள், மறுபடி மடித்தாள். அப்புறம் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, “சாப்பிடுறீங்களா தோன் ரிகோ?” என்றாள். தோன் என்பது கீழிருந்து வந்த எங்களுக்கு அவர்கள் கொடுக்கிற மரியாதை. குரல் எப்போதும்போல் இருந்தது. முகம்தான் அடுப்பு வெளிச்சத்தில் வேறாக இருந்தது.

வியாழக்கிழமை பஸ் ஓட்டினேன். முக்கூட்டு ரோட்டில் பஸ்குவாலைத் தேடினேன்; இல்லை. அப்போது எங்கள் மலையில் செல்போன் எடுக்காது. யுல்விட்ஸ் போய்வர ஒரு முழுநாள் வேண்டும்.

வெள்ளிக்கிழமை என் ஓய்வு நாள். பெனித்தோவோடு உருளைக்கிழங்கு தோண்டப் போனேன். முதல் பனி விழுந்து செடியெல்லாம் கருகியிருந்தது. இனி மண்ணுக்குள் விட்டுவைத்தால் கிழங்கு வீணாகும். அவன் மண்வெட்டியால் மண்ணைப் புரட்டிக்கொண்டே போக, நான் பின்னால் குனிந்து பொறுக்கினேன். விரல் நுனி மரத்துப்போனது. மேகம் கீழிருந்து ஏறி எங்கள் இடுப்புவரை வந்து நின்றது. கூட வந்த நாயைக் காணோம், அதன் குரைப்பு மட்டும் கேட்டது.

“அவ போயிட்டா உனக்கு யாருப்பா கஞ்சி காய்ச்சுவா?” என்று கேட்டேன். எப்படியாவது பேச்சை அந்தப் பக்கம் திருப்பலாம் என்று.

“ஏன், எனக்குக் கையில்லயா? தண்ணிய வை, மாவப் போடு, கிண்டு. இதுக்கு என்ன படிப்பா வேணும்?”

“தனியா இருப்பியா?”

“நீ வருவேல்ல.” மண்வெட்டியை ஊன்றி நின்றான். “இங்க பாரு ரிகோ. நான் செத்தா அவளுக்கு யாரு? ஊரு கையொடிஞ்சா வரும். கை சேந்ததும் போயிரும். தப்புச் சொல்லல, ஊருன்னா அப்படித்தான். ஆனா சாயங்காலம் அடுப்புக்கு எதிர்த்தாப்புல ஒரு ஆளு உக்காரணுமில்ல?”

“வேணுந்தான்.”

“மலைக்கு அந்தப் பக்கம்னா அந்தப் பக்கம். பஸ் இருக்கு, டிரைவரு நம்மாளு. ஓசில ஏத்த மாட்டியா?”

“ஏத்துறேன்,” என்றேன். சாக்கை நிரப்பி, நெற்றியில் மாட்டிச் சுமக்கிற பட்டையில் கோத்து முதுகில் தூக்கினேன். அன்று நான் சுமந்த மாதிரி பாரம் அதற்குமுன் சுமந்ததில்லை. பெனித்தோ பின்னாலிருந்து, “என்னடா, கீழ்நாட்டுக் கழுத்து ஒடியுதா? ஒடிஞ்சா சொல்லு, ஞாயித்துக்கிழமைக்குள்ள கட்டிரலாம், அப்பறம் எங்க வைத்தியரு பிஸி,” என்று சிரித்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆவிக்குளியல் அறையில் புகை எழுந்தது. சந்தியாகா தலைமுழுகி, ஈரக்கூந்தலோடு வெளியே வந்தாள். பெட்டியிலிருந்து புது மேல்சட்டையை எடுத்து வேலிமேல் காற்றாடப் போட்டாள். மூன்று வருஷமாக நெய்து, ஒருநாளும் போட்டுக்கொள்ளாத சட்டை. அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஊர் முழுக்கத் தின்ற ரொட்டி பொய்யாகிப்போனால் அந்த வீட்டுக்கு இன்னொரு கூடை வராது. அவள் இனி ஒருத்தர் வாசலில் நிமிர்ந்து நின்று எலும்பு கட்ட முடியுமா என்பதே சந்தேகம். இத்தனைக்கும் காரணம், கூரைமேல் நின்று நான் கத்திய ஒரு வரி.

ஞாயிறு விடிந்ததும் அடுப்படிக்குப் போனேன். சந்தியாகா தரையில் பைன் ஊசி இலையைப் பரப்பிக்கொண்டிருந்தாள். விருந்தாளிக்கு அப்படிப் பரப்புவது வழக்கம். வீடெல்லாம் பச்சை மணம். பெனித்தோ அக்கா வீட்டுக்கு நாற்காலி இரவல் கேட்கப் போயிருந்தான்.

“சந்தியாகா, ஒண்ணு சொல்லணும்,” என்றேன். “சொன்னா என்னக் கொன்னு போட்டுரு, பரவால்ல.”

“சொல்லுங்க.”

“அது பெண் கேட்டு வந்த கூடை இல்ல புள்ள. நன்றிக்குன்னு குடுத்தான். என் வாயாலயே கேட்டேன். நான்தான் விளையாட்டா உங்கப்பன்கிட்ட…”

அவள் நிமிரவில்லை. இலையைத் தள்ளி மூலைவரை சமமாகப் பரப்பினாள்.

“தெரியும் தோன் ரிகோ.”

“என்ன தெரியும்?”

“கூடைல சாராயம் இல்ல. பெண் கேக்குற கூடைல ரொட்டிக்கு அடில ஒரு குப்பி இருக்கணும். அப்பா சந்தோஷத்துல பாக்கல. அத்த தின்ற அவசரத்துல பாக்கல. நான் வந்ததும் பாத்தேன்.”

புதன்கிழமையே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தலைமுழுகியிருக்கிறாள், சட்டையை எடுத்திருக்கிறாள்.

“பின்ன ஏன் புள்ள சொல்லல?”

இப்போது நிமிர்ந்தாள். “அப்பா பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஆட்டுக்குத் தண்ணி வச்சாரு. அம்மா போனப்பறம் நான் அதக் கேக்கல. அப்பறம்…” கையில் ஒட்டிய இலையைத் தட்டினாள். “நாலு நாள் இருந்துட்டுப் போறேனேன்னு நெனச்சேன். நாலு நாள்தான. எனக்கும் ஒரு கூடை வந்த மாதிரி இருந்துச்சு. யாருக்கு என்ன நட்டம்?”

நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். ஐம்பத்தியொரு வயது ஆள், வெட்கமில்லாமல் அழுதேன். அவள் காப்பி ஊற்றிக் கையில் கொடுத்தாள். கோப்பையைத் துடைத்துக் கொடுத்தாள்.

“இன்னிக்கு நீங்கதான் நடுவுல நின்னு ரெண்டு பேச்சையும் சொல்லணும்,” என்றாள். “அவங்க என்ன சொல்றாங்களோ அத அப்படியே சொல்லுங்க. அழகா இருக்கட்டும்னு ஒரு வார்த்த கூட்டிராதீங்க. பாவம்னு ஒண்ணக் குறைக்கவும் வேண்டாம். மத்தத நான் பாத்துக்கறேன்.”

பதினோரு மணிக்கு ஆடு ஏற்றுகிற லாரியில் வந்து இறங்கினார்கள். எவுலாலியா முதுகில் ஒரு சின்ன மூட்டை, பஸ்குவால் கையில் ஒரு சேவல். உள்ளே வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சுவரோரம் பன்னிரண்டு பேர், பெரியவர்களெல்லாம் கறுப்பு அங்கியில், அதற்கு அடியில் சிவப்புக் கோடு போட்ட கால்சட்டை. மெழுகுவத்தி எரிகிறது, சாம்பிராணி புகைகிறது. நடுவில் பெனித்தோ இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து நேராக உட்கார்ந்திருக்கிறான். பஸ்குவால் கையிலிருந்த சேவலை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுக்கிக்கொண்டான்.

கிழவி யாரையும் பார்க்கவில்லை. நேரே சந்தியாகாவிடம் போனாள். ஒடிந்து சேர்ந்த கையைத் தூக்கி, மடக்கி, விரலை ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டினாள். பிறகு சந்தியாகாவின் இரண்டு கையையும் எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு பேசினாள். நான் சொன்னேன்.

“‘இந்தக் கையால நேத்து மாவு பிசைஞ்சேன். கயிறு திரிச்சேன். பேசக்கூடத் தெரியாத ஒருத்திக்குப் பதினஞ்சு நாள் சோறு போட்டு, தலை வாரிவிட்டு, வெளிய கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்த. எம்பொண்ணு உயிரோட இருந்திருந்தாலும் இவ்வளவு செஞ்சிருப்பாளான்னு தெரியல. அதுக்குத்தான் வந்தேன்’னு சொல்றாங்க.”

அடுத்து வரிசையாக ஒவ்வொருத்தர் முன்னும் குனிந்து நன்றி சொல்லிக்கொண்டே போனாள். உதவி பெற்றாலும் சாப்பிட்டு முடித்தாலும் ஆளாளுக்கு நன்றி சொல்வது இரண்டு பக்கமும் உள்ள பழக்கம்தான், அதனால் எல்லோரும் தலையசைத்தார்கள். என் முன்னால் வந்தபோது நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

நிக்கோலாசா தொண்டையைக் கனைத்தாள். “சரி. நன்றி ஆச்சு. வந்த பேச்சப் பேசச் சொல்லு.”

பெனித்தோ முறைப்படி கேட்டான். “இவ்வளவு தூரம் என்ன வார்த்தைய எடுத்துட்டு வந்தீங்க?”

நான் பஸ்குவாலிடம் கேட்டேன். அவன் விழித்தான். “நன்றி சொல்லத்தான் வந்தோம்,” என்றான்.

ஒரு வார்த்தை கூட்டியிருந்தால் போதும். நாக்கின் நுனிவரை வந்தது. சந்தியாகா என்னைப் பார்த்தாள்.

“நன்றி சொல்லத்தான் வந்தோம்னு சொல்றாரு,” என்றேன்.

“அதான் சொல்லியாச்சே!” என்றாள் நிக்கோலாசா. “ஒரு சேவலையும் பிடிச்சுக்கிட்டு இன்னும் எத்தன தடவதான் சொல்லுவான்?”

யாரும் சிரிக்கவில்லை. பெனித்தோவின் முகம் மெல்ல மெல்ல மாறுவதைப் பார்த்தேன். அந்த முகத்தை அப்படி நான் பார்த்தது அவன் மனைவியின் சவப்பெட்டியை மூடிய அன்றுதான்.

சந்தியாகா எழுந்தாள். புதுச் சட்டையில்தான் நின்றாள். உள்ளே போய் அந்தக் கூடையைக் கொண்டுவந்து வைத்தாள். கூடையை வெறுமனே திருப்பித் தரக்கூடாது. விளிம்புவரை உருளைக்கிழங்கு, மேலே மடித்த சிவப்புத் துணி.

“அப்பா,” என்றாள். “இதுல சாராயம் இல்ல. இது நன்றி ரொட்டி. கூடை வந்த அன்னிக்கே பாத்தேன். பாத்துட்டும் சொல்லல. அவங்க மேல தப்பில்ல, டிரைவர் மேலயும் தப்பில்ல. தெரிஞ்சு மறைச்சது நான். எல்லாரும் எனக்காகத் தின்னீங்க, சந்தோஷப்பட்டீங்க. அதுக்கு உங்களுக்கெல்லாம் நான் நன்றி சொல்றேன்.”

பன்னிரண்டு பேரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு இதே பன்னிரண்டு வாயும் சந்தையில் என்ன பேசும் என்று நினைத்துக்கொண்டேன்.

பெனித்தோ எழுந்தான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் எழ முடிந்தது. பஸ்குவாலின் முன்னால் போய் நின்று தலை குனிந்தான்.

“என் மக கைக்கு நீங்க குடுத்த ரொட்டிய நான் தின்னேன். நல்லா இருந்துச்சு. நன்றி,” என்றான்.

பெனித்தோவின் தம்பி எழுந்தான். “நானும் தின்னேன். நன்றி.” அடுத்து அவன் மனைவி. அடுத்து பக்கத்து வீட்டுக்காரன். “போன வருஷம் எங்காலக் கட்டுன கை அது. அந்தக் கைக்கு வந்த ரொட்டி. நன்றி.” ஒவ்வொருத்தராக எழுந்து வந்தார்கள். பெண் கொடுத்ததாகத் தின்ற ரொட்டியை அவர்களே தங்கள் வாயால் நன்றி ரொட்டியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். இனி சந்தையில் யார் என்ன பேசினாலும், தின்ற பன்னிரண்டு பேரும் இப்படிச் சொன்னபிறகு அது எடுபடாது. நான் அந்த ஊருக்கு எத்தனையோ வருஷமாகப் போய்வருகிறேன். அன்றைக்குத்தான் எப்படிப்பட்டவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது.

கடைசியாக நிக்கோலாசா வந்தாள். “சீனி கம்மி,” என்றாள். “ஆனா நன்றி.”

பஸ்குவால் என் தோளைப் பிடித்தான். “என்ன நடக்குது இங்க? எதுக்கு எல்லாரும் எங்கிட்ட வர்றாங்க?”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூடைக்கு இந்த ஊரில் என்ன அர்த்தம், நான் என்ன கத்தினேன், அவள் எத்தனை நாள் சும்மா இருந்தாள், எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்கக் கேட்க அவன் காது சிவந்தது. எவுலாலியா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நல்ல கையால் மகனின் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

“சொன்னேனா இல்லயா?” என்றாள். “பெண் கேட்டுருவோம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே! ‘ஊருக்கே கட்டுப் போடுற கை, அதப் போய் மலையத் தாண்டி இழுத்துட்டு வரச் சொல்றியா, அந்தப் பெரியவரத் தனியா விட்டுட்டா’ன்னு நீதான எனக்கு நியாயம் பேசுன?”

“அவங்க என்ன சொல்றாங்க?” என்று சந்தியாகா கேட்டாள்.

நான் சொன்னேன். சந்தியாகா சிவப்புத் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்குவால் சேவலை என் கையில் திணித்தான். இரண்டு பக்கத்திலும் ஆண்பிள்ளை தன் வாயால் கேட்பது கிடையாது; எல்லாம் பெரியவர்கள் வழியாகத்தான் நடக்கவேண்டும். அவன் அவள் முன்னால் போய் நின்று, உடைந்த ஸ்பானிஷில் தானே பேசினான்.

“இன்னிக்கு நன்றி மட்டும் கொண்டாந்தேன். இன்னொரு தடவ வரலாமா? சாராயத்தோட?”

அவள் துணியின் ஓரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். சுவரோரம் ஒருத்தர் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வரலாம்,” என்றாள். “ஆனா நான் மலையத் தாண்டி வர மாட்டேன். இங்க எலும்பு ஒடிஞ்சா இந்த வாசலுக்குத்தான் வருவாங்க. அப்பா இங்கதான் இருக்காரு. வர்றதுன்னா நீங்க இங்க வந்து இருக்கணும்.”

வீட்டோடு மாப்பிள்ளை என்றால் அந்த மலையில் நாய்கூட மதிக்காது. நிக்கோலாசா வாயில் கை வைத்துக்கொண்டாள். பஸ்குவால் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அவளை யுல்விட்ஸில் தனியே விட்டுவிட்டு வருவதா என்பதுதான் அவன் பார்வை. அவன் ஸ்பானிஷில் கேட்டதையும் சந்தியாகா சொன்ன பதிலையும் நான் கிழவியிடம் சொன்னேன்.

கிழவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“கேளு,” என்றாள் என்னிடம். “இந்தக் கிழவியையும் சேத்துக்குவாளான்னு கேளு.”

கேட்டேன். கையிலிருந்த சேவல் கத்தியதால் இரண்டு தடவை கேட்கவேண்டியிருந்தது.

சந்தியாகா சிரித்தாள். கண்ணீர் வழியச் சிரித்தாள். “அவங்க படுத்திருந்த இடத்துல விரிச்சிருந்த பாய நான் இன்னும் சுருட்டவே இல்லன்னு சொல்லுங்க,” என்றாள்.

அதை அந்தப் பக்கத்துப் பேச்சில் நான் சொல்லி முடிக்கும்வரை எவுலாலியா பொறுக்கவில்லை. பாதியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பைன் இலைமேல் நடந்துபோய், அடுப்புக்கு இந்தப் பக்கம், தான் பதினைந்து நாள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, அணையப்போன விறகை உள்ளே தள்ளினாள்.